எந்தப் பல் வலிக்குது?

என் இரண்டு பெண்களில் பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். சுகாதாரப் பாடத்தில் பற்களைப் பற்றி ஒரு பகுதி வரும். பெரிய அட்டையில் ஒரு தாடையை வரைந்து, பால் பற்களுக்கு மஞ்சளும் நிலைப் பற்களுக்கு வெள்ளையும் தீட்டி, சுவரில் மாட்டிப் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி நடத்துவேன். பார்வையிட வந்த அதிகாரியே நின்று பார்த்துவிட்டுப் போன அட்டை அது. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, "பாவம், விவரம் தெரியாதவள்" என்று யாரும் எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது.

அந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் பொன்னுக்கு வீங்கி எங்கள் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பெரியவளின் வகுப்பிலேயே நாலு பிள்ளைகள் வரவில்லை. காதுக்குக் கீழே தாடை வீங்கினால் எங்கள் பக்கத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிடுவோம். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்று நம்பிக்கை. எங்கள் வீடுகளில் அதை நோய் என்றும் சொல்ல மாட்டோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகுவோம். அடுப்பில் தாளிப்பு கிடையாது, ஊசி மருந்து கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை சங்கிலியைக் கழற்றவும் கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியவள் வலது தாடை வீங்கி எழுந்து வந்தாள். உடம்பு கொதித்தது. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், உன் வூட்டுக்கும் வந்துட்டாளா?" என்றாள். எனக்கும் சந்தேகம் வரவில்லை. என் கழுத்தில் கிடந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். அது அவளுக்குத் தொப்புள் வரை தொங்கியது.

"அம்மா, பல்லு வலிக்குதும்மா," என்றாள்.

"பல்லு இல்லடி, தாடை. ஆத்தா வந்திருக்கா. வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னா கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கினா தங்கச்சிக்கும் வந்துடும்."

தாயே சொன்னால் பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டாள்.

நான் அப்படிச் சொன்னதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் கிராமம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். எனக்கு ஒன்பது வயதில் என் தம்பிக்கு அம்மை போட்டது. எரிச்சல் தாங்காமல் வேப்பிலைப் படுக்கையில் புரண்டு புரண்டு கத்தினான். ஆத்தாவைப் 'போடி, போடி' என்று திட்டினான். நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான். திட்டினதால்தான் போனான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னாள். பிறகு நான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன், வேலைக்கு வந்தேன், தாடைப் படம் வரைந்தேன். ஆனால் அவன் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது வயதுக்காரி எனக்குள்ளேயே இருந்தாள். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவள் இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

ஐந்து நாள் லீவு போட்டேன். நொய்க் கஞ்சியும் இளநீரும் கொடுத்தேன். பெரியவள் அழவே இல்லை. பாயில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். "என் பொண்ணு சமத்து. இத்தினி வீக்கத்துக்கு ஒரு முனகல் இல்ல பாருங்க," என்று வாசலில் நின்ற பக்கத்துப் போர்ஷன் அம்மாளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வாசலை நினைத்தால் எனக்கு என் முகத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றும்.

என் வீட்டுக்காரருக்குக் கீழ்பென்னாத்தூரில் வேலை. காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவார். வியாழக்கிழமை மாலை பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீக்கம் ஜாஸ்தியாகுதே, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார்.

"ஆத்தா இருக்கற வீட்ல டாக்டர் பேச்ச எடுக்காதீங்க. வந்த தெய்வத்தத் துரத்தணும்னு இருக்கீங்களா?" என்று பாய்ந்தேன். அவர் சாது. என் வாய்க்குப் பயந்தவர். பிள்ளையைத் திரும்பப் பாயில் படுக்கவைத்துவிட்டார். அவர் கொஞ்சம் சண்டைக்கார மனுஷராக இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சிக்குப் பிடித்துக் கிடந்த பெரியவளின் தலையை வாரலாம் என்று மடியில் சாய்த்தேன். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. மீன் கழுவிய தண்ணீரை வெயிலில் வைத்த நாற்றம். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. வீக்கம் தாடையைத் தாண்டி மோவாய்க்குக் கீழே, கழுத்துக்கு இறங்கியிருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"வாயத் திற."

இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கீழ்த் தாடையின் வலது பக்கம், ஈறு கடைவாய் வரைக்கும் உப்பி, மஞ்சளாகச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அட்டையில் எத்தனையோ முறை நான் பிரம்பால் தொட்டுக் காட்டிய இடம். அவள் முதல் நாளே சொன்னாளே, பல் என்று!

ஊரில் பல் டாக்டர் என்று நான் அறிந்தவர் ஒருவர்தான். வேலூரிலிருந்து புதனும் சனியும் வருவார். தேரடிப் பக்கம் ஒரு மருந்துக் கடை மாடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு விட்டால் புதன்கிழமைதான். மணி அப்போதே பதினொன்றரை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யாரும் வர மாட்டார்கள், சின்னவளை யாரிடமும் விட முடியாது. இரண்டு பேரையும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கம்மா போறோம்?" என்றாள் பெரியவள். ஐந்து நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"டாக்டர்கிட்ட. சும்மா பாப்பாரு."

"ஆத்தா இருக்கும்போது போலாமா?"

"பேசாம வாடி," என்றேன். எனக்குப் பதில் தெரியாவிட்டால் பிள்ளைகளை அதட்டிவிடும் வழக்கம் வகுப்பிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. அன்றைக்கு என் வழக்கத்துக்கு நேரம் சரியில்லை.

மாடியில் ஒரு நீள பெஞ்ச். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர். உள்ளேயிருந்து டெட்டாலும் கிராம்புத் தைலமும் கலந்த வாடை. நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் பெரியவளின் கழுத்தைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா இது! பொன்னுக்கு வீங்கிய வச்சிக்கினு இங்க இட்டுனு வந்திருக்கிற? எல்லாருக்கும் ஒட்டிக்காதா?"

அவ்வளவுதான், பெஞ்ச் காலி. பல் வலியோடு எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிப்போய் நின்றார்கள். கம்பவுண்டர் வெளியே வந்து, "அம்மா, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு இட்டுனு வாங்க. இப்ப டாக்டர் பாக்க மாட்டாரு," என்றார்.

"இது அது இல்லீங்க. பல்லு."

"அப்ப சங்கிலி எதுக்கு?"

நல்ல கேள்வி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலியின் கொக்கியில் கையை வைத்தேன். அது பல் என்று கண்ணால் பார்த்தாயிற்று, சீழைப் பார்த்தாயிற்று. ஆனாலும் தண்ணீர் ஊற்றாமல் கழற்றுகிறோமே என்ற பயம் விடவில்லை. இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறைதான் கொக்கி கழன்றது. பெரியவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை மெதுவாக நகர்ந்துபோய்த் தங்கச்சியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

கம்பவுண்டர் டாக்டரிடம் கேட்டுவிட்டு எங்களை உள்ளே விட்டார். டாக்டர் முப்பது வயதுக்காரர். ஒல்லி, மெல்லிய குரல். சிவப்பு ரெக்சின் போட்ட பெரிய இரும்பு நாற்காலியில் பெரியவளை ஏற்றி உட்காரவைத்தார். அதில் அவள் பாதிகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தின இடம் பள்ளமாகி நின்றது. அவர் முகம் மாறியது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"அஞ்சு நாள்."

"அஞ்சு நாளா என்ன பண்ணீங்க?"

"நான் டீச்சருங்க. லீவு போட்டுட்டுக் கூடவேதான் இருந்தேன்," என்றேன்.

"சீழ் கழுத்துக்கு இறங்குதும்மா. இன்னும் இறங்குனா மூச்சு அடச்சுக்கும். இன்னைக்கே சொத்தப் பல்ல எடுத்து சீழுக்கு வழி விட்டாகணும்," என்றார். பிறகு வாய்க்குள் மறுபடி டார்ச் அடித்தார். "ஆனா ஒரு சிக்கல். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பல்லுலயும் சொத்த இருக்கு. முன்னாடி இருக்கிறது பால் பல்லு, எடுத்தா வேற முளைக்கும். பின்னாடி இருக்கிறது புதுசா வந்த நிலைப் பல்லு. எடுத்தா ஆயுசுக்கும் கிடையாது. ஈறு முழுக்க வீங்கியிருக்கு, பாத்துச் சொல்ல முடியல. எக்ஸ்ரே எடுக்கணும்னா வேலூருக்குத்தான் போகணும், அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல. தட்டிப் பாக்கிறேன். எது வலிக்குதுன்னு பாப்பாதான் சொல்லணும்."

"மரத்துப் போற ஊசி போட்டுட்டுத் தட்டக் கூடாதா, டாக்டர்?" என்றேன். பிள்ளைக்கு வலிக்குமே என்ற பதைப்பில் மூளை வேலை செய்யவில்லை.

"மரத்துப் போயிட்டா அவ எப்படிச் சொல்லுவா?"

சின்ன எவர்சில்வர் கம்பியின் பின்புறத்தால் ஒரு பல்லை மெல்லத் தட்டினார். "வலிக்குதா பாப்பா?"

பெரியவள் தலையை ஆட்டினாள். இல்லை.

அடுத்த பல்லைத் தட்டினார். "இது?"

இல்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். அவளுடைய கால் விரல்கள் பத்தும் மடங்கின. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. வாய் மட்டும், "வலிக்கல," என்றது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பயப்படாம சொல்லு கண்ணு. நீ சொல்லலைன்னா மாமா தப்பான பல்ல எடுத்துடுவேன்."

"வலிக்கல."

"சொல்லேண்டி!" என்று கத்தினேன். அவள் பயந்து இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

அப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "அக்காக்கு வலிக்கும். அக்கா தலகாணியக் கடிச்சிக்கினு அழுவா. சொன்னா ஆத்தா வந்து எனக்குப் போட்டுடும். அதான் சொல்ல மாட்டா."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. ஏழு வயதுப் பிள்ளை ஐந்து நாளாக என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கச்சிக்கு வந்துவிடக் கூடாதே என்று தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது கழுத்தில் சங்கிலியும் இல்லை. ஆத்தாவுக்குக் கோபம் வர அதுவே போதும் என்று நினைத்திருக்கும். இனி வாயைத் திறக்குமா?

சொல்லவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு நாளும் 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று சொன்னதில்லை. அதுகூடப் பெரிதில்லை. ஆத்தா இல்லை என்று நான் வாயால் சொல்லி, அவள் இருந்துவிட்டால்? தம்பி திட்டினான், நாலாம் நாள் போனான். சின்னவளின் கன்னத்தைப் பார்த்தேன். மழுமழுவென்று இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகளும் வேண்டும்.

டாக்டர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

குனிந்து பெரியவளின் முகத்தருகே போனேன். "ஆத்தா வரவே இல்லடி. அம்மாதான் தப்பா சொல்லிட்டேன். இது பல்லுதான். நீ மொதல் நாளே சரியா சொன்ன. வலிச்சா சொல்லு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்கு முன்னால் என்னை அவள் அப்படி அளந்து பார்த்ததே கிடையாது.

"தங்கச்சிக்கு வராதா?"

"வராது."

"பொய் சொல்ற. சும்மா பாப்பாருன்னு சொல்லித்தான இட்டுனு வந்த?"

"இல்லடி, நிஜம்."

"அப்ப அவ தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

டாக்டர், கம்பவுண்டர், கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பல் வலிக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை தலையில் அடித்து யாரும் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் பண்ண மாட்டோம். பொய்ச் சத்தியம் அந்தத் தலையைத்தான் வாங்கும் என்பார்கள். நான் பண்ணப்போவது மெய்யா பொய்யா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. கையை உயர்த்தினேன். அது எனக்குச் சொந்தமான கையாகவே இல்லை. சின்னவள், தலையைத் தடவப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி நிமிர்ந்தாள். அவள் உச்சந்தலையில் கையை அடித்து வைத்தேன்.

"சத்தியமா வராது."

பெரியவள் தானாகவே வாயைத் திறந்தாள், முடிந்த மட்டும்.

டாக்டர் பின்பக்கப் பல்லைத் தட்டினார். "கம்மியா வலிக்குது," என்றாள். முன்பக்கப் பல்லைத் தட்டினார்.

அவள் போட்ட கத்தலில் படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். டாக்டரின் கையைத் தள்ளினாள், என்னை உதைத்தாள், கத்திக்கொண்டே இருந்தாள். ஐந்து நாள் அழுகை. டாக்டர் மட்டும் மூச்சை விட்டு, "பால் பல்லு. நல்லவேளை," என்றார்.

ஊசி போட்டார். சீழ் கட்டின இடத்தில் முழுசாக மரத்துப் போகாது என்று முன்பே சொல்லிவிட்டார். தலையை நான் பிடிக்கவேண்டும். பிடித்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூடவில்லை. பல் வந்தது, பின்னாலேயே ரத்தமும் சீழும் கொடகொடவென்று வந்தன. அவள் கத்தினாள். சின்னவளும் சேர்ந்து கத்தினாள். கம்பவுண்டர் கிண்ணம் கிண்ணமாக மாற்றினார்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார் டாக்டர். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது, திங்கட்கிழமைக்குள் வீக்கம் இறங்காவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று, "டீச்சர்னு சொன்னீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேறு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கீழே மருந்துக் கடைப் படியில், நிழல் இருந்த பக்கமாக உட்கார்ந்தோம். ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சின்னவள் அழுத களைப்பில் என் மடியில் தூங்கிவிட்டாள். நான் இரண்டு கன்னங்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்று வடிகிறதா என்று, இன்னொன்று வீங்குகிறதா என்று. சத்தியம் பண்ணிய கை உள்ளங்கையெல்லாம் வேர்த்திருந்தது.

அரை மணி ஆனதும் பெரியவள் பஞ்சைத் துப்பினாள். கடைக்காரர் கொடுத்த தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள். பாதி மரத்துப்போன வாயால், குழறிக் குழறிப் பேச ஆரம்பித்தாள்.

"திங்கக்கெழம வலிச்சுதும்மா. கஞ்சி ஊட்டுனப்ப வலிச்சுது. அப்பா தூக்கி மடியில வச்சாரே, அப்ப ரொம்ப வலிச்சுது. பக்கத்து வூட்டம்மாகிட்ட நான் சமத்துன்னு சொன்னியே, அப்பவும் வலிச்சுது."

"ம்," என்றேன்.

"நேத்து ரொம்ப ஜாஸ்தி வலிச்சுது. நீ தூங்கிட்டப்புறம்."

"ம்."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. விட்டுப்போன வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சியின் கன்னத்தை அவளும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இவளுக்கு வீங்குனா, இவள அழ வுடும்மா," என்றாள்.